கை பட்டும் படாத ரூபாய்

ஒரு ரூபாயப் பாத்துதான் நான் தாலிய அறுத்தேன். பொணத்தப் பாத்து இல்ல. பொணமே வரல. அதனால அந்த ரூபாய் மெய்யா பொய்யான்றது எனக்கு வெளையாட்டு இல்ல. அது மெய்யின்னா எம் புருசன் செத்தான். பொய்யின்னா, ஆறு வருசமா பூவு இல்லாம பொட்டு இல்லாம நான் யாருக்கு அழுதேன்னு எவனாவது எனக்கு பதில் சொல்லியாவணும்.

எம் பேரு பூமாரி. காத்திவாக்கம் குப்பம். காலைல கரையில மீன் எடுத்து, எண்ணூர் ரயில்ல ஏறி, பேசின் பிரிட்ஜ்ல எறங்கி, பாலத்து மேல நடந்து பெரம்பூர் பக்கம் போய் வித்துட்டு வருவேன். எறக்குன கூடையத் திரும்பத் தலைக்கு ஏத்த ஒரு ஆளு வேணும். அங்க பவர் ஹவுசுக்குக் கரி தூக்குற கூலி ஆளுங்க எப்பவும் நின்னுகினு இருப்பானுங்க. எவனாவது ஒருத்தன் வந்து தூக்கி வுடுவான். மூஞ்செல்லாம் கரி, வாயச் சுத்தித் துண்டு. எவன் எவன்னு யாரு பாத்தா. "நல்லா இரு நைனா"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போவேன்.

காசு விசயத்துக்கு வரேன். எங்க வகையறாவுல ஒரு வழக்கம் கீது. கல்யாணம் ஆயி ஆம்பள மொத தபா கடலுக்குப் போறப்ப, பொண்டாட்டி ஒரு வெள்ளி ரூபாயச் சுருக்குப் பையில போட்டு அவன் அரணாக்கயித்துல கட்டி வுடணும். ராசிக்கு இல்ல. கடலு ஆள எடுத்துகினா பத்து நாளு கழிச்சிதான் திருப்பிக் குடுக்கும். மூஞ்ச மீனு தின்னுபூடும். அப்ப இது யாரு வூட்டு ஆம்பளன்னு சொல்றதுக்கு அந்தக் காசு. அவ அவ கட்டுன காசு எப்டி இருக்கும்னு அவ அவளுக்குத் தெரியும்.

நான் கட்டுனது ஜார்ஜ் ராஜா ரூபாய். மீன் வித்த துட்டுல வந்தது. எத்தினி கை பட்டுச்சோ, ராஜாவுக்கு மீசையே இல்லாம தேஞ்சி இருந்திச்சி. கன்னமும் மழமழன்னு. "இன்னாடி, உன் ராஜா பொம்பள மாதிரி கீறாரு"ன்னு நீலா அப்பன் அன்னிக்கே கிண்டல் பண்ணுச்சி. நீலா எம் பொண்ணு. அவ அப்பன் பேர நான் சொல்ல மாட்டேன், எங்கள்ல புருசன் பேர வாயால சொல்றது இல்ல. அந்த ஆளுக்கு எழுத்து தெரியாது, ஆனா நெம்பரு தெரியும். காச எடுத்து வெச்சிகினு, "ஒண்ணு ஒம்போது, ஒண்ணு ஒம்போது, ரெண்டு தபா அடிச்சிகீறான் பாரு"ன்னு குப்பத்துல எல்லாராண்டயும் காட்டிகினு திரியும். வலை போட்டுட்டுக் குந்திகினு இருக்கச் சொல்லோ கட்டை வெரலால ராஜா மூஞ்சத் தேச்சிகினே இருக்குமாம். பன்னெண்டு வருசத்துக்கு மேல தேச்சிச்சி.

அம்பத்தி ஒண்ணுல, கார்த்திகை மாசம், நீலா அப்பனும் எந்தம்பி பாஸ்கரும் கட்டுமரத்துல போனாங்க. பாஸ்கருக்குப் பத்தொம்பது வயசு. எங்கம்மா செத்தப்பறம் நான் தூக்கி வளத்த புள்ள. அவனுக்குக் கல்யாணம் ஆவல, அதனால இடுப்புல காசு கட்ட ஆளில்ல. அன்னிக்கு மத்தியானமே காத்து மாறிடுச்சி. மறுநாளு மரத்துல ஒரு கட்டை மட்டும், அறுந்த கயித்தோட, முகத்துவாரத்துல ஒதுங்கிச்சி.

நான் கரையிலயே குந்திட்டேன். சோறு இல்ல, தண்ணி இல்ல. நீலாவுக்கு அப்ப பதினோரு வயசு, பக்கத்து வூட்டுல யாராவது சோறு போட்டாக்கண்டி தின்னும். பொணம் இல்லாம, அடையாளம் இல்லாம, காரியம் பண்ண முடியாதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. இருவத்தி மூணாம் நாளு ராசையா அண்ணாச்சி வந்தாரு. திருவொட்டியூர்ல மளிகைக் கடை, தெக்கத்தி ஆளு, நீலா அப்பனுக்கு உசுரு தோஸ்து. கையில சுருக்குப் பை. முகத்துவாரத்தாண்ட மணல்ல கெடந்திச்சின்னாரு. பை நான் தைச்சதுதான். என் தையல் எனக்குத் தெரியாதா? பஞ்சாயத்துல பையப் பிரிச்சிப் பாத்தாங்க. ஜார்ஜ் ராஜா. ஒண்ணு ஒம்போது ஒண்ணு ஒம்போது. அதுதான்னாங்க. எனக்கு அப்பவே கண்ண இருட்டிகினு வந்திச்சி. நான் எங்க காசப் பாத்தேன். தாலிய அறுத்தாங்க. பையோட அந்தக் காச ஒரு மஞ்சள் துணியில சுத்தி டிரங்குப் பொட்டியில அடியில போட்டதுதான். ஆறு வருசம் தொடல.

இப்ப நீலாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. மாப்ள ராமதாஸ், நம்ம குப்பத்துப் புள்ளதான். அவன் இடுப்புல அவ அப்பன் காசக் கட்டட்டும்னு நான் சொன்னேன். மாப்ள வூட்ல மொகத்தச் சுளிச்சாங்க. நான் வுடல. "கடலுக்குப் போன காசு, ஆளக் கொண்டாராட்டாலும் சேதியக் கொண்டாந்துச்சி இல்ல? அது வேலையப் பாத்துச்சி இல்ல?"ன்னு கேட்டேன். சரின்னு ஒத்துகினாங்க. அப்பால நீலா ஒரு குண்டு போட்டா. "யம்மா, புது பைசா வந்துடுச்சி, பழைய ராஜா ரூபாயெல்லாம் செல்லாதுன்றாங்க. செல்லாத காசக் கட்டுனா நல்லதா?" அதுவும் நாயந்தானேன்னு, பையோட எடுத்துகினு ராயபுரத்துக்குப் போனேன், தாவூது பாயாண்ட கேக்கலாம்னு.

தாவூது பாயி ராயபுரம் ரயிலடிக்கு எதுத்தாப்ல ஒரு பொட்டிக் கடை வெச்சிகீறாரு. பழைய காசு, தபால் தலை, கப்பல்காரங்க வித்துட்டுப் போற கண்ணாடி, கடிகாரம், எல்லாம் இருக்கும். என்னாண்டதான் நெத்திலி வாங்குவாரு. கண்ணுல ஒரு பூதக்கண்ணாடிய சொருவிகினு குந்திகினு இருந்தாரு.

பையத் தொறந்து காச எடுத்தேன். மூஞ்சி மேல கட்டை வெரல வெச்சி நீட்டுனேன்.

"ஐயையோ தங்கச்சி, நடுவுல புடிக்காத. ஓரத்துல புடி, ஓரத்துல"ன்னாரு.

"இன்னாத்துக்கு பாய்? பன்னெண்டு வருசம் எம் புருசன் வெரலு வெச்சித் தேச்ச காசு. நான் புடிச்சாதான் தேஞ்சிடப் போவுதா?"

அவரு வாங்கி வெளிச்சத்துல சாச்சிப் பாத்தாரு. இந்தப் பக்கம் சாச்சாரு, அந்தப் பக்கம் சாச்சாரு. சிரிச்சாரு. "பன்னெண்டு வருசமா? பன்னெண்டு நாளு கூட எவனும் இத மேல வெச்சிருக்க மாட்டான். ஜோரான சரக்கு கொண்டாந்துகீற. இத நீ வேற எவன்கிட்டயும் குடுத்துடாத."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திச்சி. துட்டு கம்மி பண்றதுக்குக் கதை வுடறானுங்கன்னா புரியும், இந்தாளு ஏத்திவுட்டு இல்ல பேசறாரு. "இன்னா பாய் டபாய்க்கறியா? நான் விக்க வரல. இது செல்லுமா செல்லாதான்னு கேக்க வந்தேன்"னேன்.

"செல்லறது இருக்கட்டும். குந்து. வெளக்கறேன்." அவருக்கு இதச் சொல்ல ஆளு கெடைக்காது போலகீது, குஷியாயிட்டாரு. "காசுல அஞ்சு தரம் கீது. வெள்ளைக்காரன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிகீறான், அன்சர்குலேட்டட்டு, எக்ஸ்ட்ரா பைனு, அப்டின்னு. நான் நம்ம பேரு வெச்சிகீறேன். மொதலு, கை படாதது. அச்சடிச்சி கஜானாப் பையில போட்டது, அப்டியே வந்தது. ரெண்டாவது, கை பட்டும் படாதது. மூணாவது, மடி கண்டது. நாலாவது, சந்தை கண்டது. அஞ்சாவது மொட்டை, மூஞ்சே இருக்காது."

"மீனு மாதிரி"ன்னேன். செவுளத் தூக்கிப் பாத்தா எனக்கும் சொல்ல முடியும், இது இப்ப வந்தது, இது காலைல வந்தது, இது ஐஸ்ல ஒரு ராத்திரி தூங்குனதுன்னு.

"அப்டித்தான். இதுல மொதலுக்கும் ரெண்டாவதுக்கும்தான் சண்டையே. கப்பல் கேப்டன் ஒருத்தன் ஒரு காசுக்கு ஒன்ற மணி நேரம் எங்கூட மல்லு கட்டுனான். கை படாததுன்னு நான் சொல்றேன், பட்டுதுன்னு அவன் சொல்றான். கன்னத்துல ஒரு மினுக்கு கொறைஞ்சிருந்தாக்கூட அது ரெண்டாம் தரம்தான். உன்னுது அந்தக் கோட்டு மேல நிக்குது. கஜானாப் பையிலருந்து வந்து, ரெண்டு மூணு கை மாறி, அப்பால எங்கயோ கடைப் பொட்டியில தூங்கிகீது. கண்ணெதிர்ல சாச்சா காது நுனியில மட்டும் இத்தினூண்டு மங்கலு. தோ, ராஜா தோள்ல தொங்கற ஆனைப் பதக்கத்தப் பாரு, தும்பிக்கை தெரியுது. கை பட்டும் படாதது."

நான் சிரிச்சேன். மெய்யாலுமே சிரிச்சேன். "பாய், உனக்குக் கண்ணு பூடுச்சி. என் ராஜாவுக்கு மீசையே இருக்காது. மொத வேலையா அதப் பாரு."

அவரு என்ன நிமுந்து பாத்தாரு. அப்பால அந்தக் கண்ணாடிய என் கையில குடுத்தாரு. "நீயே பாரு. மீசை கீது. முடி முடியா எண்ணலாம்."

பாத்தேன். ராஜாவுக்கு மீசை இருந்திச்சி. தாடி இருந்திச்சி. கிரீடத்துல கல்லு கல்லா இருந்திச்சி. கண்ணாடி கையிலருந்து நழுவி மடியில வுழுந்திச்சி. பாய் இன்னாமோ கேட்டாரு, காதுல ஏறல. ஆறு வருசத்துக்கு முன்ன பாக்க வேண்டியத நான் அப்பதான் பாக்கறேன். இது நான் கட்டுன காசு இல்ல.

"பாய், கடல்ல கெடந்தா, மணல்ல கெடந்தா, காசு இப்டி புதுசா ஆயிடுமா? உப்புத்தண்ணி கழுவி வுட்டுடுமா?" எனக்கே தெரியும் நான் பைத்தியக்காரத்தனமா கேக்கறேன்னு. இருந்தாலும் கேட்டேன்.

"உப்புத்தண்ணி வெள்ளியக் கறுக்கடிச்சிடும் தங்கச்சி. பொத்தல் பொத்தலா அரிச்சிடும். தேஞ்ச மீசை திரும்ப மொளைக்காது. இது கடலப் பாத்ததே இல்ல." இன்னா விசயம்னு அவரு கேட்டாரு. நான் காசப் புடுங்கி மடியில போட்டுகினு எழுந்துட்டேன்.

ராயபுரத்துலருந்து திருவொட்டியூர் வரைக்கும் நடந்தே போனேன். கையும் ஓடல காலும் ஓடலன்னு சொல்வாங்க, எனக்குக் காலு மட்டும் ஓடுச்சி. பை என்னுது. காசு என்னுது இல்ல. பைய மணல்ல கண்டெடுத்தேன்னு சொன்னவரு, அதுல வேற காசப் போட்டுகீறாரு. அப்ப என் காசு எங்க? காசு எங்க இருந்தா ஆளு அங்கதானே? வெக்கத்த வுட்டுச் சொல்றேன், காலடிப்பேட்டை தாண்டச் சொல்லோ எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்திச்சி. உசுரோட கீது, உசுரோட கீதுன்னு காலு ஒவ்வொண்ணும் சொல்லிகினே வந்திச்சி. நீலா கல்யாணத்துல நான் பந்தலுக்கு வெளிய நிக்க வேணாம், பூ வெச்சிகினு உள்ள நிக்கலாம்னு கூட நெனச்சேன். அந்த ஒரு மைல் தூரத்துக்கு நான் நெனச்சதெல்லாம் நெனச்சாக்க இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது.

ராசையா அண்ணாச்சி கல்லாவுல இருந்தாரு. யாரோ ஒருத்தருக்குப் பருப்பு நிறுத்துகினு இருந்தாரு. அந்த ஆளு போற வரைக்கும் நின்னேன். அப்பால காச எடுத்து அவரு முன்னால வெச்சேன்.

"அண்ணாச்சி, இந்த ராஜாவுக்கு மீசை எப்ப மொளச்சிது?"

அவரு காசப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டாரு. தராசக் கீழ வெச்சிட்டு, கடைக் கதவு ரெண்டையும் ஒருக்களிச்சிச் சாத்துனாரு. "உக்காரு தாயி"ன்னாரு.

"குந்த வரல. சொல்லு."

"மீசை இருக்காதுன்னு எனக்குத் தெரியாது. வருசம் மட்டுந்தான் அவன் எப்பவும் சொல்லுவான். என் கல்லாவுல அந்த வருசத்து ரூவா ரெண்டு இருந்தது தாயி. ஒண்ணு தேஞ்சது, ஒண்ணு புத்தம் புதுசு. தேஞ்சதைத்தான் முதல்ல எடுத்தேன். அதையே குடுத்திருந்தா ஒனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா கை வரலை. நல்லதுக்கோ கெட்டதுக்கோ ஒரு வீட்டுக்குக் குடுக்கற காசு தேஞ்சதா இருக்கக் கூடாதுன்னு எங்க ஐயா சின்னதுலயே சொல்லிச் சொல்லி வளத்துட்டாவ. தாலி அறுக்கப் போறவ கையில தேஞ்ச காசை எப்படிக் குடுக்க? நல்லதாப் பாத்து எடுத்துப் போட்டுட்டேன்." சொல்லிட்டுத் தலையில கை வெச்சிகினாரு. "யாவாரக்காரன் புத்தி."

"பை எப்டி கெடைச்சிது உனக்கு?"

"அவன் குடுத்தான்."

எவன்னு நான் கேக்கல.

"தாமோதரன்தான். நான் ஒன்னை வந்து பாத்ததுக்கு மொத நாளு, மத்தியானம் கடை சாத்துத நேரம், பின்வாசல் வழியா வந்தான். பழவேற்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கான். அங்க யாரோ கஞ்சி ஊத்திக் காப்பாத்தியிருக்காவ. ஆளு எலும்பும் தோலுமா இருந்தான். வா, ஒன் பொண்டாட்டி கரையில உக்காந்து சாவுதா, வா போவோம்னு கையைப் புடிச்சி இழுத்தேன். வரமாட்டேன்னுட்டான். நான் செத்துட்டேன்னு போய்ச் சொல்லுன்னான். அவளுக்கு நம்பிக்கை வரணும்னா பையைக் காட்டுன்னான். காசையும் குடுடான்னா, குடுக்கலை. இது என் இடுப்புலயே இருக்கட்டும், நான் எங்க செத்தாலும் அவ ஆளுன்னு இது ஒண்ணு சொல்லட்டும்னான். வெறும் பையைக் கொண்டு போனா பஞ்சாயத்துல கேள்வி கேப்பாவளேன்னுதான் நான் கல்லாவுலேருந்து காசைப் போட்டேன்."

"ஏன் வரமாட்டேன்னுச்சி? நான் இன்னா பண்ணேன்?"

அண்ணாச்சி தராசுத் தட்டுல ஒட்டுன பருப்பத் தட்டி வுட்டாரு. நான் தராசுப் படிக்கல்லக் கையில எடுத்துட்டேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியாது.

"சொல்லுதேன் தாயி. அவன் சொன்ன மாதிரியே சொல்லுதேன். மரம் கட்டவுந்து போச்சி. கடைசில ஒரு கட்டைதான் மிஞ்சிச்சாம். ரெண்டு பேரும் புடிச்சா முங்குது. ஒரு ராத்திரி பூரா மாத்தி மாத்திப் புடிச்சாவளாம். காலையில..." அண்ணாச்சி எழுந்து கதவ இன்னும் கொஞ்சம் சாத்துனாரு. "காலையில, நான் பாஸ்கர் கையை எடுத்து விட்டுட்டேன் அண்ணாச்சின்னான். மாமான்னு கூப்பிட்டானாம். ரெண்டு வாட்டி கூப்பிட்டானாம்."

படிக்கல்லு என் கையிலருந்து கீழ வுழுந்திச்சி. எனக்கு அழுகை வரல. எந்தம்பிய கடலு எடுத்துகிச்சின்னு ஆறு வருசமா கடலத் திட்டிகினு இருந்தேன். தெனம் காலைல மீன் எடுக்கப் போறப்ப அது மேல காறித் துப்பிட்டுதான் போவேன். கடலு ஒண்ணும் பண்ணல. வலிச்சி வலிச்சி காச்சுப் போன ஒரு கை, நான் சோறு போட்ட கை, அவன் வெரல ஒவ்வொண்ணா எடுத்து வுட்டிருக்கு.

"இப்ப அந்த ஆளு எங்க?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் தாயி."

"எனக்கும் நீ சத்தியம் பண்ணியே அண்ணாச்சி. மணல்ல கெடந்திச்சின்னு சூடம் அணைச்சி சத்தியம் பண்ணியே. அது இன்னா சத்தியம்?"

அவரு தரையப் பாத்துகினே சொன்னாரு. "பேசின் பிரிட்ஜ்ல. கரி தூக்குதான். கடல் கண்ணுல படாத எடமாப் பாத்துப் போயிட்டான்." அப்பால, "அவன் ஒன்னைப் பாக்கான் தாயி. ஒன் கூடையைத் தூக்கி விட்டிருக்கான். ஒரு வாட்டி இல்ல"ன்னாரு.

என் கண்ணு முன்னால துண்டு கட்டுன மூஞ்சிங்க வரிசையா வந்து நின்னுச்சி. எத்தினி தபா. "நல்லா இரு நைனா"ன்னு எத்தினி தபா வாழ்த்திகீறேன். எந்தம்பியக் கொன்ன கை என் தலைக்கு மீன் கூடைய ஏத்தி வுட்டிருக்கு, நான் அத நல்லா இருன்னு சொல்லிகீறேன்.

காச எடுத்துகினு கெளம்புனேன். "என்ன செய்யப் போற தாயி, போலீசுக்கா?"ன்னு அண்ணாச்சி பின்னாலயே வந்தாரு. நான் திரும்பிப் பாக்கல. அந்தாளு மேலயும் எனக்கு வவுத்தெரிச்சல்தான். என் வூட்டுச் சாவ அவரு முடிவு பண்ணிகீறாரு, நல்ல காசாப் பொறுக்கிப் போட்டு.

நீலாவாண்ட ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளு கழிச்சி வெள்ளிக்கெழமை எப்பவும் போல மீன் எடுத்துகினு போனேன். பேசின் பிரிட்ஜ்ல எறங்கி, பாலத்துக்குக் கீழ கூடைய எறக்கி வெச்சிட்டு நின்னேன். கரி ஆளுங்க அஞ்சாறு பேரு அந்தாண்ட குந்தி பீடி குடிச்சிகினு இருந்தாங்க. அதுல ஒருத்தன் எழுந்தான். வாயச் சுத்தித் துண்டு. தலையக் குனிஞ்சிகினே வந்து கூடைக்கு எதுத்தாப்ல குனிஞ்சான், தூக்கறதுக்கு.

"தாமோதரா"ன்னேன்.

கட்டுன நாள்லருந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல. அந்நிய ஆளக் கூப்புடற மாதிரி கூப்புட்டேன். கூடை மேல வெச்ச கை அப்டியே நின்னுபோச்சி. துண்டுக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சிது. அந்தக் கண்ணு எனக்குத் தெரியாமப் போவுமா?

"இடுப்புல கீறத எடு"ன்னேன்.

அந்த ஆளு கரி புடிச்ச கோவணத் துணி முடிச்ச அவுத்து, எடுத்து நீட்டுச்சி. வாங்கிப் பாத்தேன். மீசை இல்ல. கண்ணு இல்ல, மூக்கு இல்ல, கிரீடம் இல்ல. ஆறு வருசமா அந்தக் கட்டை வெரலு வேற வேலையே பாக்கல போலகீது. தாவூது பாயி சொன்ன அஞ்சாந் தரம். ரெண்டு பக்கமும் வழவழன்னு ஒரு தகடு, அவ்ளோதான்.

"பூமாரி"ன்னு துண்டுக்குள்ளருந்து குரலு வந்திச்சி. "என்ன வேணா பண்ணு. ஒருக்கா நீலா கல்யாணத்த தூரத்துலருந்தாவது..."

"செத்தவங்க கல்யாணத்துக்கு வர மாட்டாங்க"ன்னேன்.

மடியிலருந்து அந்த மீசை ராஜாவ எடுத்து அந்தக் கையில வெச்சேன். "நான் ஆறு வருசம் அழுதது இந்தக் காசுக்குத்தான். இது உன்னுது, நீயே வெச்சிக்க. பத்தரமா வெச்சிகினா வெல போவும், ராயபுரத்துல கேட்டுட்டேன்." அப்பால அந்தத் தேஞ்ச தகட்ட என் முந்தானையில முடிஞ்சேன். "இது எந்தம்பிக்கு. அவன் இடுப்புல காசு கட்ட ஆளில்லாம போனான். இனிமே நீ எங்க செத்தாலும் யாரு வூட்டு ஆளுன்னு எவனும் என்னாண்ட வந்து சொல்ல வேணாம். சொல்றதுக்கு உன்னாண்ட ஒண்ணும் இல்ல."

அந்த ஆளு நின்ன எடத்துலயே நின்னுச்சி. கண்ணுல தண்ணி வந்து கரியில கோடு போட்டுச்சி. பாவமா இருந்திச்சா? இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். பன்னெண்டு வருசம் ஒண்ணா படுத்த ஒடம்பு. ஆனா அந்தக் கையப் பாத்தாக்க எனக்கு மாமான்னு கூப்புட்ட சத்தம்தான் கேட்டுச்சி, நான் கேக்காத சத்தம்.

நேரமாயிடுச்சி, மீனு வெயில்ல நொந்துபூடும். அந்த ஆளு திரும்பவும் குனிஞ்சி கூடை மேல கை வெச்சிது, தூக்கி வுடலாம்னு.

"அந்தக் கையி வேணாம்"ன்னேன்.

அந்தாண்ட குந்திகினு இருந்தவங்கள்ல ஒரு வயசாளியக் கூப்புட்டேன். "நைனா, ஒரு கை குடு." அவரு பீடியத் தூக்கிப் போட்டுட்டு வந்து தூக்கி வுட்டாரு. "நல்லா இரு நைனா"ன்னு சொல்லிட்டுப் பாலத்து மேல ஏறிட்டேன். அன்னிக்கு வஞ்சிரம் சீக்கிரம் வித்துப்போச்சி. சாயங்காலம் வெளிச்சம் இருக்கச் சொல்லோ முகத்துவாரத்துக்குப் போய், முந்தானை முடிச்ச அவுத்து, பாஸ்கர் பேரச் சொல்லி அந்தத் தகட்டத் தண்ணில போட்டேன். கடல் மேல காறித் துப்பல. ராமதாஸ் இடுப்புக்கு வேற ஒரு ரூபாய் பாக்கணும்னு நெனச்சிகினே வூட்டுக்கு வந்தேன்.